பூஜ்யத்தை எப்படி நம்புவது?

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் ஏதாவது ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால், நீர் வெளியே போகும் குழாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 'பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம்' என்ற விதிக்கு உட்பட்ட நிலையமாக இருந்தால் அதில் எதுவும் ஓடக் கூடாது. ஓட்டமானி 0 காட்ட வேண்டும், கேமராவில் காய்ந்த தரை தெரிய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் சர்வர்கள் இந்தத் தகவலை இரவு பகலாக வாங்கிக்கொண்டிருக்கும். மானியில் 0 வந்தால் நீர் வெளியேறவில்லை என்று பொருள். மானி பழுதாகிக் கிடந்தாலும் பல நேரம் வருவது அதே 0தான்.

நான் மென்பொருள்காரன், பைப்லைன் பராமரிப்பு என் வேலை. எழுதிய நிரல் பயனர் கைக்குப் போகும் வழியில் அதைத் தொகுப்பது, சோதிப்பது, பாதுகாப்பு ஓட்டைகள் உண்டா என்று ஸ்கேன் செய்வது, கடைசியில் சர்வரில் ஏற்றுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே நடக்கும். ஊறல், சுண்ணாம்பு, சதை நீக்கம், பதனிடல் என்று தோல் கைமாறிப் போவது போலத்தான். இரவெல்லாம் ஓடிய ஸ்கேன் காலையில் '0 குறைகள்' என்று பச்சை டிக் போட்டு வைத்திருக்கும். அந்த 0மும் பாலாற்றங்கரை 0மும் ஒரே சிக்கல் என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

மணிக்கணக்கில் ஓடும் பாதுகாப்பு ஸ்கேன்களை ஆள் உட்கார்ந்து பார்க்காமல் இயந்திரமே கண்காணிக்கும்படி செய்வதில் இதுவரை என்னென்ன வழிகள் வந்திருக்கின்றன, அவை எங்கே வழுக்குகின்றன என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி. துணைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து அனுபவத்தை அழைத்துக்கொள்கிறேன். நீண்ட நேரம் ஓடும் சோதனையையும் அதற்கு வைத்த காவலையும் இந்த ஊர்கள் எங்கள் துறைக்கு முன்பே பார்த்துவிட்டன.

ஏன் இவ்வளவு நேரம்

எல்லா ஸ்கேனும் நீளமானதல்ல. நிரலுக்குள் யாராவது கடவுச்சொல்லை மறந்து விட்டுவைத்திருக்கிறார்களா என்று தேடுவதும், வெளியிலிருந்து எடுத்த நூலகங்களின் பட்டியலை அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடுவதும் நிமிடங்களில் முடியும். நிரலின் உள்ளே தரவு எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று தடம் பிடிக்கும் ஸ்கேன், பெரிய நிரலென்றால் மணிக்கணக்கில் இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இணையதளத்தை வெளியிலிருந்து தாக்கிப் பார்க்கும் ஸ்கேன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு படிவத்தையும் நூறு விதமாகச் சீண்ட வேண்டும் என்பதால் இரவு முழுக்க ஓடும், சில நேரம் நாள் கணக்கிலும். கன்னாபின்னா உள்ளீடு கொடுத்து நிரலை விழவைக்க முயலும் 'ஃபஸ்ஸிங்' என்ற வகைக்கு முடிவே கிடையாது. கூகுள் 2016இல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம் திறந்தமூல நிரல்களை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது.

பைப்லைன்களோ அவசரக்காரர்களுக்காகக் கட்டப்பட்டவை. பைப்லைன் ஓட்டும் சேவைகளில் ஒன்றான கிட்லேபில் ஒரு ஜாபுக்கு இயல்பாகக் கிடைப்பது 1 மணி நேரம். கிட்ஹப் தன் சொந்த இயந்திரங்களில் 6 மணி நேரம் தரும், அதைத் தாண்டினால் வெட்டிவிடும். சர்க்கிள்சிஐ 10 நிமிடம் எழுத்து ஒன்றும் வரவில்லையென்றால் ஜாப் செத்துவிட்டது என்று முடிவு கட்டும். காவலுக்கான தேவையே இந்த முரண்பாட்டில்தான் பிறக்கிறது.

டிரம் பக்கத்தில் நிற்பதா, வந்து வந்து பார்ப்பதா

தோலைச் சுண்ணாம்பில் போட்ட டிரம்மை இரவெல்லாம் உருட்டுவதில்லை. உரசி உரசித் தோலின் மேற்பரப்பு கெட்டுவிடும். மணிக்கு ஐந்து நிமிடம்போல ஓடி மீதி நேரம் நிற்கும்படி டைமர் வைத்துவிடுவார்கள். ஆள் பக்கத்திலேயே நிற்கவும் தேவையில்லை, அடியோடு மறந்துவிடவும் முடியாது.

ஸ்கேன் கண்காணிப்பின் முதல் கட்டத்தில் நாங்கள் டிரம் பக்கத்திலேயே நின்றோம். பைப்லைன் ஸ்கேனைத் தொடங்கும், முடியும்வரை அதே இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். வேறு வேலை செய்யவேண்டிய இயந்திரம் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும். நடுவில் நெட்வொர்க் ஒரு நொடி அறுந்தால் ஐந்து மணி நேர உழைப்பு போச்சு.

அடுத்து வந்தது போலிங். ஸ்கேனை வேறொரு சர்வரில் தொடங்கிவிட்டு ஒரு டோக்கன் எண்ணை வாங்கிக்கொள்வது, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் போய் 'முடிந்ததா?' என்று கேட்பது. ஸாப் என்ற இலவசத் தாக்குதல் ஸ்கேனரிடம் கேட்டால் 0 முதல் 100 வரை ஒரு எண் சொல்லும். இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்டால் தொல்லை, ஒரு மணிக்கு ஒருமுறை கேட்டால் முடிந்து ஐம்பது நிமிடம் கழித்துத்தான் தெரியும். முதலில் அடிக்கடி கேட்டுப் போகப்போக இடைவெளியைக் கூட்டுவதுதான் நடுவழி. அந்தச் சதவீதத்தை நம்பி நேரம் கணக்கிடுவது வீண். 90 வரை அரை மணியில் ஓடிவிட்டு, மீதி 10க்கு நான்கு மணி நேரம் எடுக்கும் ஸ்கேன்கள் சர்வசாதாரணம்.

மூன்றாவது, வெப்ஹுக். நீ வந்து கேட்காதே, முடிந்ததும் நானே சொல்கிறேன் என்று ஸ்கேனர் திருப்பிக் கூப்பிடும். நிரலைச் சோதிக்கும் சோனார்கியூப், பைப்லைன் ஓட்டும் ஜென்கின்ஸோடு இப்படித்தான் பேசுகிறது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் கூப்பிடவேண்டியவன் செத்துப்போனால் கூப்பிடமாட்டான். அதனால் வெப்ஹுக் வைத்தவர்களும் 'இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் நானே போய்ப் பார்ப்பேன்' என்று ஒரு போலிங்கையும் சேர்த்து வைக்கிறார்கள். இன்றைக்கு இதுதான் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட அமைப்பு. காவல் பார்க்கும் நிரல், ஸ்கேன் ஓடும் இயந்திரத்திலேயே இருக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வீடு எரியும்போது காவலாளியும் உள்ளே சிக்கிக்கொண்டால் யார் சொல்வது?

இந்த மூன்றையும் பற்றிக் கருவிகளின் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. எனக்கு இதில் பெரிய புதிர் ஒன்றும் தெரியவில்லை. 'முடிந்தது' என்ற சேதியைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது தீர்ந்த பிரச்சினை. அந்தச் சேதிக்கு என்ன பொருள் என்பதுதான் தீராதது.

பச்சை டிக்கின் பொய்கள்

சோனார்கியூபையே எடுத்துக்கொள்வோம். பைப்லைனில் ஓடும் ஸ்கேனர், தான் சேகரித்ததை சர்வருக்கு அனுப்பிவிட்டு 'வெற்றி' என்று வெளியே வந்துவிடும். உண்மையான மதிப்பீடு சர்வரில் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. காத்திருக்கும்படி தனியே சொல்லி வைக்காவிட்டால் பச்சை டிக்குக்கு 'பார்சல் அனுப்பியாயிற்று' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. ட்ரைவி என்ற கருவி ஆயிரம் ஓட்டை கண்டுபிடித்தாலும், வேறுவிதமாகச் சொல்லி வைக்காதவரை, 0 என்ற வெளியேற்றக் குறியோடுதான் முடியும். பைப்லைன் மொழியில் 0 என்றால் வெற்றி. கிட்லேப் தரும் ஆயத்தப் பாதுகாப்பு ஸ்கேன் ஜாப்கள், விழுந்தாலும் பைப்லைனை நிறுத்தாதபடிதான் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. புதிதாகச் சேர்த்த ஸ்கேன் முதல் நாளே எல்லோர் வேலையையும் முடக்கிப்போட்டால் அதை இரண்டாம் நாள் கழற்றிவிடுவார்கள். ஆனால் சேர்த்தவர் வேலை மாறிப் போய்விடுவார், அமைப்பு மட்டும் அப்படியே நிற்கும்.

என் கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். இரவு ஸ்கேன் 11 நாள் தொடர்ந்து 100 என்று முடிந்து 0 குறை காட்டியது. அணியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, ஒருவர் கேக் கூட வாங்கி வந்தார். பன்னிரண்டாம் நாள் வேறு எதற்கோ லாகைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்கேனர் உள்ளே நுழையப் பயன்படுத்திய கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டிருந்தது. 11 இரவும் அது லாகின் பக்கத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, அந்த ஒற்றைப் பக்கத்தில் குறையில்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறது. என் கண்காணிப்பு நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஸ்கேன் முடிந்ததா என்றுதான் அதைக் கேட்கச் சொல்லியிருந்தேன், முடிந்தது என்றுதான் அது சொன்னது.

இது சின்ன ஊர் விபத்து. உலகறிந்த விபத்து ஈக்விஃபேக்ஸ். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டை 2017 மார்ச் 7 அன்று வெளியானது. இரண்டு நாளில், சரிசெய்யும்படி உள்ளே மின்னஞ்சல் போயிற்று. மார்ச் 15 அன்று ஸ்கேன் ஓட்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஓட்டை இருந்த உள்கோப்புறைக்குள் ஸ்கேனர் இறங்கவே இல்லை, மேல்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டது. மே மாதம் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். உள்ளே வெளியே போகும் தரவைச் சோதிக்கும் கருவி ஒன்றும் அங்கே இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதம் ஆனதால், மறையாக்கம் செய்த தரவை அது திறந்து பார்க்கவே முடியவில்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த உடனேயே சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் போய்விட்டது. ஸ்கேனும் இருந்தது, காவலும் இருந்தது. இரண்டுமே 0 என்றன.

இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் காவலுக்கு வைக்கும் பழக்கம் பரவுகிறது. லாகைப் படித்து 'இன்ன காரணத்தால் ஸ்கேன் நின்றது' என்று நல்ல மொழியில் சொல்லும். நின்றுபோன ஸ்கேனின் ஆயிரம் வரி லாகைப் படிக்கும் தலைவலி இதில் குறைகிறது என்பது உண்மைதான். முடிந்ததாகப் பொய் சொல்லும் ஸ்கேனின் லாகில் பிழை என்று ஒரு வரிகூட இருக்காது. இல்லாத வரியை யார் படித்தும் பயனில்லை.

மூன்று நாள் புட்டி

கழிவுநீரில் எவ்வளவு அழுகும் பொருள் இருக்கிறது என்று அறிய உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பிஓடி, என்ற சோதனை இருக்கிறது. நீரைப் புட்டியில் அடைத்து, 27 டிகிரியில் 3 நாள் இருட்டில் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று பார்க்க வேண்டும். இந்திய முறை இது. மேல்நாட்டு வழக்கம் 20 டிகிரியில் 5 நாள். ஆற்றில் விடும் நீருக்கு வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். மூன்று நாள் ஓடும் ஸ்கேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வருவதற்குள் அந்த நீர் போய்ச் சேர்ந்திருக்கும்.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகையாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த 17இல் தோல் பதனிடுதலும் ஒன்று. வாணியம்பாடியின் வாணிடெக், ஆம்பூரின் ஆம்பூர்டெக், ராணிப்பேட்டையின் ராணிடெக், மேல்விஷாரத்தின் விஷ்டெக் போன்ற பொது நிலையங்கள் வாழும் உலகம் இதுதான். சென்னை கிண்டியில் மாநில வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்கு எண்கள் வந்து சேர்கின்றன. வரம்பு மீறினால் அலர்ட் போகும்.

மூன்று நாள் சோதனையைச் சில நிமிடங்களில் எப்படிச் செய்கிறது கருவி? செய்வதில்லை. நீருக்குள் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, அதிலிருந்து பிஓடி இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆய்வகப் புட்டியோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் அந்தக் கணக்கு விலகிப்போகும். டேனரி நீரில் உப்பும் கொழுப்பும் சல்ஃபைடும் உண்டு, கருவியின் கண்ணாடியில் படலம் கட்டும். துடைக்கும் வேலையே பெரிய வேலை.

புட்டிச் சோதனை செய்யும் ஆய்வகக்காரர் தன் முடிவை எப்படி நம்புகிறார்? அங்கேதான் நான் பொறாமைப்படும் வழக்கம் இருக்கிறது. மாதிரி நீர்ப் புட்டிகளோடு, குளுக்கோசும் குளுட்டாமிக் அமிலமும் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வீதம் கலந்த நீரிலிருந்து ஒரு புட்டியையும் வைப்பார். 5 நாள் முறையில் அதன் விடை 198க்கு அருகில் வர வேண்டும், 30 முன்பின் இருக்கலாம். அந்தப் புட்டி தவறினால் அன்றைய எல்லாப் புட்டிகளும் சந்தேகத்துக்குரியவை. விடை தெரிந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு தேர்விலும் நுழைத்து வைக்கிறார்.

எங்கள் துறையிலும் இது இல்லாமல் இல்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற 68 எழுத்துப் பொம்மைக் கோப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. தீங்கற்றது, ஆனால் எல்லா ஸ்கேனரும் அதைக் கண்டதும் கத்த வேண்டும். வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதப்பட்ட ஜூஸ் ஷாப், வெப்கோட் போன்ற பயிற்சித் தளங்களும் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு இரவு ஸ்கேனிலும் லாகினைத் தாண்டிய உள்பக்கம் ஒன்றில் தெரிந்த ஓட்டை ஒன்றை நட்டு வைத்து, அது பிடிபட்டால்தான் மற்ற 0க்களை நம்புவது என்ற வழக்கத்தை நான் மிகச் சில அணிகளில்தான் பார்த்திருக்கிறேன். 11 இரவு ஏமாந்த பிறகு நான் செய்த முதல் வேலை அதுதான். நட்ட ஓட்டை சோதனைச் சூழலை விட்டு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கதை வேறாகிவிடும்.

எங்கே நடுவது? எங்கள் தெருவில் டேனரியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். சுண்ணாம்பு நீக்கிய தோல் சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கழுத்தை அறுத்துப் பாரு தம்பி" என்றார். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் வேதியியல் எளிது. தோலின் தடிமனான கழுத்துப் பகுதியில் வெட்டி, வெட்டு முகத்தில் பினால்ப்தலீன் சொட்டு விடுவார்கள். நடுவில் ரோஸ் நிறம் தெரிந்தால் சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மெல்லிய வயிற்றுப் பகுதியில் சொட்டு விட்டால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஈக்விஃபேக்ஸின் ஸ்கேன் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தது.

உப்புக் கணக்கு

பூஜ்ய வெளியேற்ற நிலையத்தின் 0 உண்மையா என்று அறிய இன்னொரு வழி உண்டு, ஓட்டமானியையே பார்க்காத வழி. உள்ளே வந்த நீர் எவ்வளவு, அதில் உப்பு எவ்வளவு? எதிர்ச் சவ்வூடுபரவல் மூலம் மீட்டு டேனரிகளுக்குத் திருப்பி அனுப்பிய நீர் எவ்வளவு? ஆவியாக்கியிலிருந்து வெளியே எடுத்த உப்பு எத்தனை டன்? பதப்படுத்தாத தோல் கெடாமலிருக்க உப்பில்தான் புரட்டி வருகிறது, ஊறலில் அந்த உப்பு பெரும்பாலும் நீரில் இறங்குகிறது. அது ஆவியாகாது, மறையாது. கிடங்கில் உப்பு இல்லையென்றால் அது ஆற்றிலோ நிலத்திலோ இருக்கிறது, மானி என்ன சொன்னாலும்.

ஸ்கேனுக்கும் அப்படியொரு உப்புக் கணக்கு வேண்டும். எத்தனை பக்கம் போனாய், அதில் எத்தனை லாகினுக்கு அப்பால், எத்தனை வரி நிரலைப் படித்தாய், எந்தத் தேதியின் ஓட்டைப் பட்டியலை வைத்து ஒப்பிட்டாய், எவ்வளவு நேரம் எடுத்தாய்? கண்காணிப்பு நிரல் நேற்றைய எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிட்டு, 900 பக்கம் திடீரென்று 1 ஆனால் முடிவு 0 ஆனாலும் சிவப்பு காட்ட வேண்டும். பட்டியலின் தேதி அற்பமாகத் தோன்றலாம். 2024 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கத் தேசிய ஓட்டைத் தரவுத்தளம் புதிய பதிவுகளுக்கு விவரம் சேர்ப்பதில் பெரிதும் பின்தங்கியது, அதை மட்டும் நம்பியிருந்த ஸ்கேனர்கள் பல புதிய ஓட்டைகளைப் பற்றி மௌனமாக இருந்தன. அதே ஆண்டு பின்பாதியில் ட்ரைவி தன் பட்டியலை இறக்கும் இடத்தில் கூட்டம் அதிகமாகி, உலகெங்கும் பைப்லைன்கள் விழுந்தன. விழுந்தது நல்லது என்பேன். பழைய பட்டியலோடு சத்தமில்லாமல் ஓடியவைதான் ஆபத்து.

ஐந்து மணி நேரம் எடுக்கும் ஸ்கேன் எட்டு மணி எடுத்தால் எல்லோரும் கத்துகிறார்கள், நான்கு நிமிடத்தில் முடிந்தால் யாரும் கேட்பதில்லை. டைம்-அவுட்டுக்கு மேல்வரம்பு வைப்பது போலக் கீழ்வரம்பும் வைக்க வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்க நூலகத்தில் மறைத்து வைத்த பின்கதவு வெளிப்பட்டது எந்த ஸ்கேனராலும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தன் சர்வர் நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து ஏன் என்று தோண்டினார்.

மௌனத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்யும் இன்னொரு ஏற்பாடு எனக்குப் பிடித்தது. பிரொமீதியஸ் கண்காணிப்பு அமைப்பை நடத்துபவர்கள் 'வாட்ச்டாக்' என்று ஒரு அலர்ட் வைப்பார்கள். அது எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒலி நின்றால்தான் ஆபத்து. இரவுக் காவலர் தடியைத் தட்டிக்கொண்டே தெருவில் போவதை விட்டு, திருடனைக் கண்டால் மட்டும் கத்துவேன் என்றால் அவர் தூங்குவது யாருக்கும் தெரியாது.

தடியைத் தட்டுவதிலும் ஏமாற்று உண்டு. 10 நிமிடம் மௌனமாக இருந்தால் கொல்லும் பைப்லைனைச் சமாளிக்க, நிமிடத்துக்கு ஒரு புள்ளி அச்சடிக்கும் சிறு நிரலைப் பக்கத்தில் ஓடவிடுவது எங்கள் தொழிலில் பழைய தந்திரம். ஸ்கேன் செத்தாலும் புள்ளி வரும். உணர்கருவியை வாய்க்காலிலிருந்து எடுத்து நல்ல தண்ணீர் வாளிக்குள் போட்டுவிடுகிறார்கள் என்று நாடெங்கும் பல தொழில்களைப் பற்றிச் சொல்லப்படும் புகாரும் அதே ஜாதிதான். வாளி நீரின் எண் அசையாது. உயிருள்ள கழிவுநீரின் எண்கள் சற்று நடுங்கிக்கொண்டேதான் இருக்கும், மணிக்கணக்கில் ஒரே எண் வருவது நல்ல செய்தியல்ல. இரவுக்கு இரவு துளிகூட மாறாத ஸ்கேன் முடிவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கன்டெய்னர் காத்திருக்குமா

ஸ்கேன் முடியும்வரை வெளியீட்டை நிறுத்தி வைப்பதா, வெளியிட்டுவிட்டுப் பின்னால் பார்ப்பதா என்ற சண்டை எல்லா அணியிலும் உண்டு. ஆம்பூர் ஏற்றுமதியாளருக்கு இது பழைய சண்டை. 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பானைத் தடைசெய்து தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தபோது, அதைச் சாதாரணமாகப் பயன்படுத்திவந்த இந்தியத் தோல் தொழில் தடுமாறிப்போனது. அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளுக்கும் சோதனைக்கும் உதவியது. 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம், தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. டேனரியில் போடுவது மூவிணைதிறக் குரோமியம்தான். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கிடந்தால் அதில் கொஞ்சம் ஆறுக்கு மாறக்கூடும். இங்கே ஆய்வகத்தில் தேறிய தோல், கப்பலில் கொதிக்கும் கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் கிடந்து ஹாம்பர்க்கில் இறங்கும்போது தேறாமல் போகலாம். அதனால் தோலை 80 டிகிரி உலர் வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து முதுமையாக்கி, பிறகு சோதிக்கும் முறை வந்தது.

நிரலும் கிடங்கில் இருந்தபடியே கெடும். 2021 டிசம்பர் 9 அன்று தேறிய பல ஜாவா நிரல்கள் 10ஆம் தேதி தேறவில்லை. ஒரு எழுத்தும் மாறவில்லை, அவை பயன்படுத்திய நூலகம் ஒன்றில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியானது, அவ்வளவுதான். அதனால் 'நிறுத்துவதா வேண்டாமா' என்ற கேள்வியையே பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நிமிடங்களில் முடியும் ஸ்கேன் வாசலில் நிற்கட்டும், தேறாததைத் தடுக்கட்டும். மணிக்கணக்கு ஸ்கேன் வாசலில் நின்றால் மக்கள் சுவரேறிக் குதிப்பார்கள், அது பின்னால் ஓடட்டும். ஆனால் எந்த வெளியீட்டுக்கு எந்த ஸ்கேன் என்ற லாட் எண் விடாமல் ஒட்டியிருக்க வேண்டும், ஏற்கெனவே அனுப்பிய லாட்டுகளையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், தேறாவிட்டால் திருப்பி எடுக்கும் வழி கைவசம் இருக்க வேண்டும். கன்டெய்னரைத் திருப்புவதைவிட வெளியீட்டைத் திருப்புவது எளிது என்பது எங்களுக்குள்ள சலுகை. பதிவுகளை எத்தனை நாள் வைப்பது என்பதில் இந்தியாவில் தனி விவாதம் தேவையில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு லாகுகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது, பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது.

மானி இல்லாத சுவர்

2015 ஜனவரி 31, விடிவதற்கு வெகு முன்பு. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழாயில் போகும் நீரின் அமிலத்தன்மையை, கலங்கலை எல்லாம் அளக்க இணையவழிக் கருவிகளைப் பொருத்துங்கள் என்ற உத்தரவுக்குக் கெடு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் சுவர் இல்லை.

இதை ஒரு உவமையாக்கிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஆனால் தானியங்கிக் கண்காணிப்பு பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகவும் முடியாது. அளக்க ஏற்பாடு செய்த இடத்தைத்தான் கருவி பார்க்கும். அந்த ஏற்பாடு இருப்பதாலேயே மற்ற இடங்களையும் பார்த்துவிட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. மென்பொருளில் அந்தச் சுவர் பெரும்பாலும் பைப்லைனேதான். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற குழுவின் சிறு கிட்ஹப் துணைநிரலில் யாரோ தீய வரிகளைச் செருகினார்கள். அதை 23,000க்கும் மேற்பட்ட திட்டங்கள் பயன்படுத்திவந்தன. பைப்லைனின் ரகசியச் சாவிகளை அது லாகிலேயே அச்சடித்தது. நிரலை ஸ்கேன் செய்யும் கருவிகள் நிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கண்காணிப்பு நிரலுக்குப் படிக்கும் அதிகாரம் மட்டும் கொடுத்து, நிறுத்தும் தொடங்கும் அதிகாரங்களை வேறிடத்தில் வைப்பது இதிலிருந்து வந்த பாடம். பலரும் வசதிக்காக எல்லாச் சாவியையும் காவலாளி இடுப்பிலேயே கட்டிவிடுகிறார்கள்.

கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார் என்பதற்குத் தோல் ஊர்களின் விடை நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ கெட்டுவிட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதை அது பதிவு செய்தது. மேற்பார்வையைச் சென்னை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு, இழப்பீடு, தொடர்ந்து கண்காணிக்கும் ஆணை. முப்பது ஆண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் இந்த வழக்குக்கு எந்த பைப்லைனும் டைம்-அவுட் வைத்ததில்லை.

உப்புக் கணக்குச் சரியாக வரும் நிலையங்களில் வேறொரு காட்சி இருக்கிறது. ஆவியாக்கியிலிருந்து வந்த உப்பு, பல வேதிகள் கலந்த பழுப்பு உப்பு, மூட்டை மூட்டையாகக் கூரைக்கு அடியில் அடுக்கிக் கிடக்கிறது. சாப்பாட்டுக்கு ஆகாது, திரும்ப டேனரிக்கு ஆகாது, மண்ணில் புதைத்தால் மழைக்குக் கரையும். எங்கள் பக்கமும், ஸ்கேனர் லாகினைத் தாண்டி உள்ளே போய், கழுத்தை அறுத்துப் பார்த்து, நட்ட ஓட்டையையும் பிடித்து நேர்மையாக வேலை செய்யத் தொடங்கியதும் வந்து சேர்ந்தது அதுதான். முதல் இரவே 0 போய் நான்கு இலக்கத்தில் ஒரு எண் வந்தது. எது மெய், எது வீண் சத்தம், எதை யார் எப்போது சரிசெய்வது என்று பிரித்துப் பார்க்க இரண்டு பேர் இருந்தோம். ஸ்கேன் இரவு 11 மணிக்குத் தொடங்கி விடிகாலை 4 மணிக்கு முடிந்துவிடுகிறது, அலர்ட் 4 மணி 1 நிமிடத்துக்கு வருகிறது. பட்டியல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நாளுக்கு நாள் கொஞ்சம் உயர்ந்தபடி.